மிஞ்சிக் கிடக்கும் ஆட்டோசேவ் கோப்புகளை எடிட்டர் என்ன செய்ய வேண்டும்?

வைகறை:

ஈமாக்ஸ் என்ற எடிட்டரை (உரையும் நிரலும் எழுதும் மென்பொருள்) வைத்துத் தொடங்குகிறேன். ஆனால் கேள்வி எல்லா எடிட்டருக்கும்தான்.

'கட்டுரை' என்று ஒரு கோப்பைத் திறந்து திருத்துகிறோம். 300 விசை தட்டியதும், அல்லது 30 விநாடி கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்ததும், ஈமாக்ஸ் அதே ஃபோல்டரில் #கட்டுரை# என்ற பெயரில் ஒரு நகலை எழுதி வைக்கிறது. நாம் முறையாகச் சேமித்தால் அந்த நகல் அழிந்துவிடும். மின்சாரம் போனாலோ, தொலைவில் இருக்கும் கணினியோடு உள்ள எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தாலோ, சேமிக்காமல் பஃபரை (திறந்த கோப்பின் உரை எடிட்டருக்குள் இருக்கும் இடம்) மூடினாலோ அது அங்கேயே கிடக்கும். இதுவரை எல்லாம் சரி.

மறுபடி அதே கோப்பைத் திறக்கும்போது திரையின் அடியில் ஒரு வரி வருகிறது: இந்தக் கோப்புக்கு ஆட்டோசேவ் தரவு இருக்கிறது, வேண்டுமானால் மீட்டுக்கொள்ளலாம் என்று. கேள்வி எதுவும் கேட்பதில்லை. ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் அந்த வரி போய்விடும். அதைப் பார்க்காமல் தட்டச்சைத் தொடர்ந்தால், அடுத்த ஆட்டோசேவ் அதே பெயரில்தான் எழுதப்படும். அதாவது, மீட்கப்படாமல் காத்திருந்த பழைய உரையின் மேலேயே புதியது ஏறிவிடும். உரையைக் காப்பதற்கென்று வைத்த ஏற்பாடே அந்த உரையை அழிக்கிறது. இதை நான் சின்னக் குறையாகப் பார்க்கவில்லை.

இன்னொன்று. அந்த எச்சரிக்கை வரியை எப்போது காட்டுவது என்பதை ஈமாக்ஸ் நேரத்தை ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறது. ஆட்டோசேவ் கோப்பு அசல் கோப்பைவிடப் புதியதாக இருந்தால் மட்டுமே எச்சரிக்கை. கோப்புகளின் ஒவ்வொரு நிலையையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் வேறு கிளைக்கு, அதாவது அதே கோப்புகளின் இன்னொரு வடிவத்துக்கு, போய்த் திரும்பி வந்தால், இரண்டு கிளைகளிலும் வேறுபட்டிருக்கும் கோப்புகள் புதிதாக எழுதப்படுகின்றன. அவற்றின் நேரமும் புதிதாகிவிடுகிறது. உள்ளே ஒரு வரி மாறாவிட்டாலும் அசல் 'புதியது', ஆட்டோசேவ் 'பழையது'. எச்சரிக்கை வராது. உள்ளே இருக்கும் உரையைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

ஆக, ஒருபக்கம் வேண்டிய உரை சத்தமில்லாமல் போகிறது. இன்னொரு பக்கம் வேண்டாத கோப்புகள் ஃபோல்டர் முழுக்கச் சேர்கின்றன. மற்ற எடிட்டர்களைப் பயன்படுத்துகிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முனையவாசி:

விம் என்ற எடிட்டர் பக்கம் நிலைமை நேரெதிர். அங்கே பிரச்சினை அதிகமாகக் கேட்பது.

விம் கோப்பைத் திறந்த உடனேயே ஸ்வாப் என்ற மீட்புக் கோப்பு ஒன்றை உருவாக்கிவிடுகிறது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, பின்னால் எஸ்டபிள்யூபி. 200 எழுத்து தட்டியதும், அல்லது 4 விநாடி சும்மா இருந்ததும் அது வட்டுக்குப் போகும். விம் ஒழுங்காக மூடப்படாவிட்டால் அடுத்த முறை இ325 என்ற பெரிய எச்சரிக்கை திரையை அடைத்துக்கொண்டு வரும். படிக்க மட்டும் திற, எப்படியும் திருத்து, மீட்டெடு, அழி, வெளியேறு என்று வரிசையாகக் கேட்கும். பழைய விம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் 'அழி' என்ற தெரிவையே காட்டாது. அந்த அளவுக்கு ஜாக்கிரதை.

நீங்கள் சொன்ன அந்த 'மேலேயே எழுதும்' சிக்கல் விம்மில் கிடையாது. 'எப்படியும் திருத்து' என்று சொன்னால் பழைய ஸ்வாப்பைத் தொடாமல், கடைசி எழுத்தை மாற்றி எஸ்டபிள்யூஓ என்று இன்னொன்றைத் தொடங்கும். அதுவும் இருந்தால் எஸ்டபிள்யூஎன். அசல் கோப்பு ஸ்வாப்பைவிடப் புதியதாக இருந்தால் எச்சரிக்கையை விட்டுவிடாது, 'இது ஸ்வாப்பைவிடப் புதியது' என்று அதையும் சேர்த்துச் சொல்லும். இந்த இரண்டிலும் விம் செய்வதுதான் சரி.

சரியில்லாதது வேறு. மீட்டெடுத்து, சேமித்து, வெளியே வந்த பிறகும் அந்த ஸ்வாப் கோப்பு அப்படியே இருக்கும். அடுத்த முறை மறுபடி அதே கேள்வி. நாமே போய் அழிக்க வேண்டும். எந்த மாற்றமும் செய்யாமல் திறந்து வைத்திருந்த கோப்புக்குக்கூட முன்பெல்லாம் இந்த எச்சரிக்கை வரும். புதிய பதிப்புகளில் அதைத் திருத்தியிருக்கிறார்கள்: அதே கணினியில் உருவானது, அந்த விம் இப்போது ஓடவில்லை, ஸ்வாப்பில் மாற்றம் எதுவும் இல்லை என்றால் கேட்காமல் அழித்துவிடுகிறது. ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் எரிச்சலில் ஸ்வாப்பையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் விம் அமைப்புக் கோப்புகளைப் பாருங்கள், பாதிக்கு மேல் அந்த ஒரு வரி இருப்பதுபோல் தோன்றும். பயனில்லாத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதன் விளைவு அது.

தாளடி:

ஏன் இவ்வளவு சுற்றல்? ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் எடிட்டரே அழித்துவிடட்டும். வேண்டியவர் அதற்குள் மீட்டிருப்பார். எல்லோரிடமும் கிட் இருக்கிறது. வேண்டுமென்றே 'சேமிக்காதே' என்று சொல்லி மூடிய கோப்பின் மிச்சத்தை எதற்குக் காக்க வேண்டும்?

வைகறை:

இதில் மூன்று விஷயம் கலந்திருக்கிறது, தாளடி.

கிட்டுக்குத் தெரிந்தது வட்டில் சேமித்து, நாம் பதிந்து வைத்தது மட்டும்தான். ஆட்டோசேவில் இருப்பது சேமிக்கும் முன்பே போன உரை. அதற்கு வேறு எந்தப் பிரதியும் உலகத்தில் இல்லை.

ஒரு வாரக் கணக்கும் எனக்கு ஒப்பவில்லை. எழுதுகிற எல்லாக் கோப்பையும் எல்லோரும் வாராவாரம் திறப்பதில்லை. ஆய்வேடு எழுதுகிறவர் ஒரு அத்தியாயத்தை மாதக்கணக்கில் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். திரும்பி வந்து திறக்கும்போதுதான் மீட்க ஏதாவது இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியும். அந்தக் கோப்பை அவர் மறுபடி திறக்காதவரை கடிகாரம் ஓடக்கூடாது.

மூன்றாவது விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். பஃபரை மூடும்போது 'மாற்றங்கள் இருக்கின்றன, உண்மையிலேயே மூடவா' என்று ஈமாக்ஸ் கேட்கிறது. ஆம் என்று சொன்னவர் முடிவெடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஆட்டோசேவை விட்டுவைத்து, அடுத்த முறை 'தரவு இருக்கிறது' என்பது அவர் ஏற்கெனவே சொன்ன பதிலைக் கேட்காததுபோல்தான். ஈமாக்ஸ் 28-இல் இதற்கென்று ஓர் அமைப்பு வந்தது; அதை இயக்கினால், பஃபரை மூடும்போது ஆட்டோசேவையும் அழிக்கவா என்று கேட்கும். ஆனால் இயல்பில் அது அணைந்தே இருக்கிறது. விபத்தால் மிஞ்சியதையும் ஆள் வேண்டாமென்று விட்டதையும் எடிட்டர் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே குப்பையில் பெரும்பகுதி குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

சர்வர்காவல்:

குப்பை என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட.

வலைத்தளம் ஓடும் சர்வரில் உள்ளே போய் நேரடியாக பிஎச்பி என்ற வலை நிரல்மொழியில் உள்ள ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்துகிறார் ஒருவர். தரவுத்தளத்தின் கடவுச்சொல் அதில்தான் இருக்கும். இணைப்பு அறுகிறது, ஸ்வாப் கோப்பு மிஞ்சுகிறது. பிஎச்பி என்று முடியும் கோப்பை வலைச் சர்வர் இயக்கி அதன் விளைவை மட்டும் அனுப்பும். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. எஸ்டபிள்யூபி என்று முடிந்தால் அதற்கு அது வெறும் கோப்பு. கேட்டவருக்கு அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். ஈமாக்ஸின் #…# கோப்புக்கும், ~ என்று முடியும் காப்புப் பிரதிக்கும் இதே கதைதான். தளங்களைத் துருவும் கருவிகள் முதலில் தேடுகிறவற்றில் இந்தப் பெயர்கள் எல்லாம் உண்டு.

2017-இல் விம்மின் ஸ்வாப் கோப்பு உருவாகும்போது பயனரின் உரிமை அமைப்பை மதிப்பதில்லை என்று ஒரு பாதுகாப்புக் குறைபாடும் பதிவானது. அதே கணினியில் இருக்கும் மற்றவர் படிக்க முடிந்த நிலை.

அதனால் என் நிலைப்பாடு: மிஞ்சுகிற கோப்பு அசலுக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள் அவர் மட்டும் படிக்கக்கூடிய ஓர் இடத்தில் மொத்தமாக இருக்கட்டும். விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம் இயல்பாகவே அப்படித்தான் செய்கிறது. ரகசியமான கோப்புகளுக்கு அதுவும் வேண்டாம். ஜிபிஜி கருவியால் மறையாக்கிய கோப்பை ஈமாக்ஸ் திறக்கும்போது ஆட்டோசேவைத் தானாகவே நிறுத்திவிடும். மறையாக்கிய உரையை வெறும் எழுத்தாக வட்டில் வைப்பதைவிட, அதை இழப்பது மேல். அந்த முடிவை நான் முழுமையாக ஆதரிக்கிறேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் எச்சரிக்கும் பூட்டுக்காக ஈமாக்ஸ் .# என்று தொடங்கும் ஒரு போலி இணைப்பை அதே ஃபோல்டரில் வைக்கிறது. அந்த இணைப்பு சுட்டும் இடத்தில் உண்மையில் கோப்பு எதுவும் இருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் மாற்றங்களைக் கவனித்துக்கொண்டே இருந்து நிரலைத் தொகுக்கும் பில்ட் கருவிகள் அதைப் படிக்கப் போய் விழுந்துவிடும். பலர் பூட்டையே நிறுத்திவைப்பது இதனால்தான்.

முனையவாசி:

ஒரே இடத்தில் வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. விம்மில் ஸ்வாப் என்பது மீட்புக்கு மட்டும் அல்ல, பூட்டும் அதுவே. பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும் ஒரு கோப்பை நான் என் கணினியிலிருந்தும் நீங்கள் உங்கள் கணினியிலிருந்தும் திறக்கிறோம். ஸ்வாப் பக்கத்திலேயே இருந்தால் இரண்டாவதாகத் திறப்பவருக்கு எச்சரிக்கை வரும். அவரவர் ஹோம் ஃபோல்டருக்குள் இருந்தால் ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது. கடைசியாகச் சேமிப்பவர் மற்றவரின் வேலையைத் துடைத்துவிடுவார். பென் டிரைவிலும் இப்படித்தான்: டிரைவ் வேறு கணினிக்குப் போகும், மீட்க வேண்டிய உரை பழைய கணினியிலேயே தங்கிவிடும்.

ஏட்டுச்சுவடி:

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இந்த ஒரே ஃபோல்டர் யோசனையில் ஒரு குழி இருக்கிறது. யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்.

எல்லா ஸ்வாப்பும் ஒரே ஃபோல்டரில் என்றால் ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் மோதக்கூடாது. அதற்காக விம் முழுப் பாதையையும் பெயராக மாற்றுகிறது. சாய்கோடு இருக்கும் இடமெல்லாம் % வரும். லினக்ஸில் பெரும்பாலான கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் காலும் தனிக் குறியீடுகள். 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட். 'ஆவணங்கள்' 24, 'கட்டுரைகள்' 30. மொத்தத்தில் 85 குறியீட்டோடு பெயர் முடிந்துவிடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தமிழ்ப் பெயர் வைத்து, நூல் தலைப்பையே கோப்புக்கும் வைக்கிறவர்கள் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

தாண்டினால் என்ன ஆகும்? வேறு இடம் எதையும் அமைப்பில் கொடுத்திருக்காவிட்டால் 'ஸ்வாப் கோப்பைத் திறக்க முடியவில்லை, மீட்பு இயலாது' என்று இ303 பிழையைக் காட்டிவிட்டு விம் கோப்பைத் திறந்துவிடும். கவனிக்காமல் எழுதிக்கொண்டே போனால் பின்னால் பாதுகாப்பு ஒன்றுமே இல்லை. மறையாக்கிய ஹோம் ஃபோல்டருக்கு இகிரிப்ட்எஃப்எஸ் பயன்படுத்தியவர்களுக்கு எல்லை இன்னும் குறைவு, 143 பைட்.

ஈமாக்ஸ் 28 இதற்கு ஒரு வழி கொடுக்கிறது. ஆட்டோசேவின் பெயரை மாற்றும் விதியில், பாதைக்குப் பதிலாக அதன் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், நீளம் மாறாத குறி) வைக்கச் சொல்லலாம். எஸ்எச்ஏ-1 என்ற ஹாஷ் என்றால் எவ்வளவு நீளமான பாதையும் 40 எழுத்தாகிவிடும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். பெயரைப் பார்த்து எந்தக் கோப்பு என்று கண்டுபிடிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் கோப்பைத் திறக்கும்போது எடிட்டருக்குத் தெரிந்தால் போதும், எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

பிழைதிருத்தி:

கேடீஈ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பின் கேட் எடிட்டரை யாரும் எடுக்கவில்லையே. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் நன்றாக யோசித்துச் செய்தது அதுதான். ஒழுங்காக மூடப்படாத கோப்பைத் திறந்தால் உரைக்கு மேலே ஒரு பட்டை வரும். மாற்றங்களைப் பார், மீட்டெடு, விட்டுவிடு என்று மூன்று பொத்தான். அந்தப் பட்டை ஒரு விசை தட்டியதும் மறைவதில்லை. இ325 போலத் திரையை அடைத்துக்கொண்டு மிரட்டுவதும் இல்லை. முதல் பொத்தான்தான் முக்கியம். என்ன இழக்கப் போகிறோம் என்பதைக் காட்டாமல் 'மீட்கவா, அழிக்கவா' என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஈமாக்ஸின் மீட்பு இரண்டு கோப்புகளின் அளவையும் தேதியையும் மட்டும் காட்டி ஆம்/இல்லை கேட்டுக்கொண்டிருந்தது. புதிய பதிப்புகளில் வேறுபாட்டைக் காட்டவும் சொல்லலாம்.

வி.எஸ். கோட், சப்லைம், நோட்பேட்++ எல்லாம் வேறு பாதை. அவை கேட்பதே இல்லை. மூடினால் சேமிக்காததும் சேர்ந்து மறைந்து, திறந்தால் அப்படியே திரும்பி வரும். நோட்பேட்++ 7 விநாடிக்கு ஒருமுறை பிரதி எடுக்கிறது. குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே உரை பல மாதம் கோப்புக்கே போகாமல் எடிட்டரின் உள்ளறையில் கிடக்கிறது. எழுதுகிறவர் சேமித்துவிட்டதாகவே நம்புகிறார். கணினி மாற்றும்போதோ, எடிட்டரை நீக்கி மறுபடி நிறுவும்போதோ அதைப் பிரதி எடுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றாது. கேள்வி கேட்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் எது எங்கே இருக்கிறது என்பதை மறைத்துவிட்டுக் கேட்காமல் இருப்பது நல்லதல்ல.

தாளடி:

திறக்கும்போது கேட்பது ஒரு கோப்புக்குச் சரி. பழைய கோப்புகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும் சர்வரில் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கவா முடியும்? அதனால்தான் நான் நாள் கணக்குச் சொன்னேன்.

வைகறை:

அந்த நிலைமைக்கு வேண்டியது ஒரு பட்டியல். விம்மை -r என்ற தெரிவோடு இயக்கினால், கிடைக்கிற ஸ்வாப் கோப்புகளையெல்லாம் வரிசையாகக் காட்டும்: யாருடையது, எந்தக் கணினி, மாற்றம் இருக்கிறதா, அந்த விம் இன்னும் ஓடுகிறதா என்று. ஈமாக்ஸிலும் அறுந்துபோன அமர்வை மொத்தமாக மீட்கும் கட்டளை உண்டு. இரண்டிலும் இல்லாதது ஒன்றுதான்: அசலோடு ஒப்பிட்டு, 'இது அச்சாக அதேதான், இதில் இத்தனை வரி வேறு' என்று பிரித்துக் கொடுப்பது. அப்படிப் பிரித்தால் 'அதேதான்' என்ற பிரிவை ஒரே கட்டளையில் அழித்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மிஞ்சுகிற கொஞ்சத்தை மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும்.

இந்த இழையில் வந்ததையெல்லாம் வைத்து ஈமாக்ஸுக்கு ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோப்பைத் திறந்ததும் ஈமாக்ஸ் தானாக இயக்கும் ஹுக் என்ற இடத்தில் அது உட்காரும். நேரத்தைப் பார்க்காது, ஆட்டோசேவ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் உரையை ஒப்பிடும். ஒன்றேயானால் பேசாமல் அழித்துவிடும். வேறானால் முதல் வேலையாக அந்தக் கோப்பைத் தேதியோடு வேறு பெயருக்கு மாற்றித் தனி ஃபோல்டரில் வைத்துவிடும். பிறகு புதிய ஆட்டோசேவ் எதன் மேலும் ஏறாது. அதற்கப்புறம் கேட் போல உரைக்கு மேலே ஒரு வரியில் சொல்லி, வேறுபாட்டைக் காட்ட ஒரு பொத்தான். 'வேண்டாம்' என்று சொன்னாலும் உடனே அழிக்காது, அந்தத் தனி ஃபோல்டரில் இருக்கட்டும். தாளடி கேட்ட நாள் கணக்கை அங்கே வைத்துக்கொள்ளலாம். ஆள் ஒருமுறை பார்த்து வேண்டாமென்று சொன்ன பிறகு ஓடும் கடிகாரத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஈமாக்ஸில் இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. பஃபரில் பெரிய பகுதியை வெட்டிவிட்டால் ஈமாக்ஸ் அந்தப் பஃபருக்கு ஆட்டோசேவை நிறுத்திவிடும், 'மிகவும் சுருங்கிவிட்டது, அடுத்து நீங்கள் சேமிக்கும்வரை நிறுத்தியிருக்கிறேன்' என்று சொல்லி. தவறுதலாக வெட்டியிருந்தால் பழைய ஆட்டோசேவாவது பிழைக்கட்டும் என்ற எண்ணம். சந்தேகம் வந்தால் மேலே எழுதாதே என்பதை அதை வடிவமைத்தவர்கள் அன்றே யோசித்திருக்கிறார்கள். அதே அக்கறையைக் கோப்பைத் திறக்கும் நேரத்துக்கும் நீட்டச் சொல்கிறேன்.

ஏட்டுச்சுவடி:

ஒப்பிடும்போது பைட்டுக்குப் பைட் பார்க்காதீர்கள். ஈமாக்ஸ் ஆட்டோசேவைத் தன் உள் குறியாக்கத்தில் எழுதுகிறது. அசல் கோப்பு விண்டோஸ் வரி முடிவுகளோடு இருந்தால் உரை ஒன்றாக இருந்தும் பைட் வேறுபடும். தேவையில்லாமல் ஆயிரம் வரி மாற்றம் என்று காட்டும். இரண்டையும் பஃபராகப் படித்த பிறகு ஒப்பிடுங்கள்.

முனையவாசி:

பூட்டையும் பார்க்க வேண்டும். அதே கோப்பு இன்னொரு ஈமாக்ஸில் இப்போது திறந்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் பெயர் மாற்றப்போவது மிஞ்சிய கோப்பு அல்ல, உயிரோடு இருக்கும் அமர்வின் ஆட்டோசேவ்.

வைகறை:

ஆமாம். ஆட்டோசேவ் எழுதப்படுகிற பஃபர் என்றாலே மாற்றம் நடந்த பஃபர்; மாற்றம் நடந்தால் பூட்டு இருக்கும். பூட்டு வேறொருவர் கையில் என்றால் ஹுக் எதையும் தொடாமல் விலகிவிடும் என்று சேர்த்துவிட்டேன். ஒப்பீட்டையும் பஃபராகப் படித்தே செய்கிறேன்.

சர்வர்காவல்:

பூட்டை நிறுத்திவைத்தவர்களிடம் அந்தச் சோதனை எப்போதும் 'யாரும் இல்லை' என்றுதான் சொல்லும். பில்ட் கருவிக்காக நிறுத்திய எல்லோரும் அதில் அடக்கம்.

வைகறை:

அவர்கள் பூட்டை நிறுத்த வேண்டியதில்லை. ஆட்டோசேவுக்கு இருப்பது போலவே பூட்டுக் கோப்பின் இடத்தை மாற்றும் விதியும் ஈமாக்ஸ் 28-இல் வந்துவிட்டது. பூட்டை ஹோம் ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டால் பில்ட் கருவியின் கண்ணில் படாது, ஒரே கணினியில் இரண்டு ஈமாக்ஸ் ஒன்றையொன்று அறியவும் செய்யும். முனையவாசி சொன்ன பகிர்ந்த ஃபோல்டருக்கு இது உதவாது. அங்கே மட்டும் பூட்டு கோப்புக்குப் பக்கத்திலேயே இருக்குமாறு விதியில் விலக்கு வைக்க வேண்டும். பூட்டு முழுதாக நிறுத்தப்பட்டிருந்தால் ஹுக் எதையும் நகர்த்தாது. கோப்பை அங்கேயே விட்டு, அதன் உரையைத் தனி ஃபோல்டருக்கு ஒரு பிரதி மட்டும் எடுத்து வைக்கும்.

முனையவாசி:

பிரதி எடுப்பது சரி. நிரல் தயாரானதும் இங்கேயே போடுங்கள். பகிர்ந்த ஃபோல்டரில் இரண்டு கணினியிலிருந்து திறந்து சோதித்துச் சொல்கிறேன்.